பொம்மைக்குக் கோபம் வருமா?

களிமண், கம்பி, காகிதம், ஒரு கைபேசி. இவற்றை வைத்துக்கொண்டு குடி, சாதி, குழந்தைத் திருமணம் என்று, பேச்செடுத்தாலே ஆளாளுக்கு எழுந்து போய்விடுகிற சமாச்சாரங்களைப் படமாக்க முடியுமா என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் புனைபெயரில். விஷயம் அப்படிப்பட்டது.

● அவசரக்காரன், ஆவடி
ஸ்டாப் மோஷன் என்றால் என்ன? இரண்டே வரியில் சொல்லவும்.

பொம்மையை நூலளவு நகர்த்தி ஒரு போட்டோ. மறுபடி நகர்த்தி மறுபடி ஒரு போட்டோ. வரிசையாக ஓட்டினால் பொம்மை நடக்கும். எத்தனை நாள் ஆகும் என்பது மூன்றாவது வரி, நீங்கள் கேட்கவில்லை.

● கணக்கு வாத்தியார், கரூர்
நான் கேட்கிறேன். 5 நிமிடப் படத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

திரையில் நொடிக்கு 24 பிரேம். ஒரே போட்டோவை இரண்டு பிரேமுக்கு வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் வழக்கம் என்பதால் நொடிக்கு 12 போட்டோ போதும். நிமிடத்துக்கு 720, 5 நிமிடத்துக்கு 3,600. ஒரு போட்டோவுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால் 120 மணி நேரம். பொம்மை குப்புற விழுவதும், கரண்ட் போவதும், பக்கத்து வீட்டுப் பூனை செட்டுக்குள் நுழைவதும் இதில் சேர்த்தி இல்லை. எனவே முதல் படத்தை ஒரு நிமிடத்தோடு நிறுத்துங்கள். ஒரு நிமிடத்தில் சொல்ல வராத நியாயம் மூன்று மணி நேரத்திலும் வராது என்பதற்குத் தியேட்டர்களில் வாராவாரம் சாட்சி கிடைக்கிறது.

● நேர்வழி, நெய்வேலி
சமூகப் பிரச்சினையைச் சொல்ல எதற்குப் பொம்மை? நிஜ மனிதர்களை வைத்தே எடுத்துவிடலாமே?

எடுக்கலாம். ஆனால் நிஜ முகத்தைப் பார்த்ததும் நமக்கு வேறு வேலை வந்துவிடும். இவர் எந்த ஊர், என்ன ஆட்கள், முன்னால் எந்த சீரியலில் வந்தார் என்று மனசு விசாரணை நடத்தும். பொம்மையிடம் அந்த விசாரணை செல்லாது.

இன்னொரு காரணம் எனக்கு முக்கியம். நிஜப் படப்பிடிப்பில் காற்று தலைமுடியைக் கலைக்கும்; நடிகை கேட்காமலே ஒரு பெருமூச்சு விடுவார்; பின்னால் ஒரு நாய் நடந்து போகும். எல்லாம் இயக்குநருக்கு ஓசியில் கிடைத்த வரம். பொம்மை உலகத்தில் எதுவும் தானாக நடக்காது. காற்று வேண்டுமென்றால் முடியை நீங்கள்தான் நகர்த்த வேண்டும். அடிவாங்கும் பெண்ணின் தோள் எவ்வளவு குறுக வேண்டும் என்பதைப் பிரேம் பிரேமாக முடிவு செய்வது நீங்கள். ‘தானா அப்படி வந்துருச்சு’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அடுத்தவர் வேதனையைக் கையில் எடுக்கிறவருக்கு இந்தக் கட்டாயம் நல்லது.

● பெரிய மனுஷி, பெரம்பலூர்
என்ன சொன்னாலும் பொம்மைப் படம் சின்னப் பிள்ளைகள் பார்ப்பதுதானே?

இதை அன்றைய செக்கோஸ்லோவாக்கிய அரசாங்கத்திடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. யிர்ஷி டிர்ன்கா என்ற பொம்மைக் கலைஞர் 1965-இல் ‘தி ஹேண்ட்’ என்று 18 நிமிடப் படம் ஒன்று எடுத்தார். ஒரு சின்னப் பொம்மை தன் பூச்செடிக்குத் தொட்டி செய்துகொண்டிருக்கிறது. கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பெரிய கை வருகிறது. பொம்மைக் கை அல்ல, உறை போட்ட நிஜ மனிதக் கை. ‘தொட்டி செய்யாதே, என் சிலையைச் செய்’ என்கிறது. முதலில் காசு, பிறகு மிரட்டல், கடைசியில் கூண்டு. பொம்மை செத்ததும் அதே கை ராஜ மரியாதையோடு அடக்கம் செய்கிறது. வசனமே கிடையாது. 1969-இல் டிர்ன்கா காலமானார். அதன்பின் படத்துக்குத் தடை. கம்யூனிஸ்ட் ஆட்சி முடியும்வரை அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது. சின்னப் பிள்ளை சமாச்சாரத்துக்கு இவ்வளவு பயம் எதற்கு?

● மூன்று முடிச்சு, மன்னார்குடி
ஊழல், சுற்றுச்சூழல், பெண்ணுரிமை மூன்றையும் ஒரே 4 நிமிடப் படத்தில் சொல்ல ஒரு கதை வைத்திருக்கிறேன். எப்படி?

அது கதை இல்லை, தேர்தல் அறிக்கை. ஒரு ஆள், ஒரு நாள், ஒரு பொருள். இதற்கு மேல் போகாதீர்கள்.

● மூத்த மகள், மேலூர்
அப்பாவின் குடிதான் நான் எடுக்க நினைக்கும் படம். பாட்டில், தள்ளாட்டம், அம்மாவுக்கு அடி. இதைத் தவிர வேறு எப்படிக் காட்டுவது?

பாட்டிலை எல்லோரும் காட்டியாயிற்று. குடிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வித்தை தெரியும். வாசலில் பைக் ஸ்டாண்டு போடுகிற சத்தத்திலேயே இன்றைக்கு அப்பா எப்படி வந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவார்கள். படத்தை அங்கே தொடங்குங்கள். வீட்டுப்பாடம் எழுதும் பொம்மை; வெளியே பைக் சத்தம்; பென்சில் நிற்கிறது. ஸ்டாண்டு ஒரே தட்டில் விழுந்தால் பென்சில் மறுபடி ஓடும். இரண்டாவது தடவையும் உரசினால் பொம்மை நோட்டை மூடி வைத்துவிட்டுத் தம்பியைப் பின்கட்டுக்கு அழைத்துப் போகும். அப்பா திரைக்கு வரவே வேண்டாம். செலவிலும் ஒரு பொம்மை மிச்சம்.

● சந்தேகப்பிராணி, சாத்தூர்
இப்படி மறைத்துச் சொன்னால் மக்களுக்குப் புரியுமா? புரிந்த படம் ஒன்று சொல்லுங்கள்.

‘மை லைஃப் அஸ் எ கூர்ஷெட்’. 2016, இயக்கம் க்ளோட் பராஸ் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், திரைக்கதை செலின் சியாமா. ஒன்பது வயதுப் பையன். அம்மா பீரும் டிவியுமாக இருப்பவள். ஒரு விபத்தில் செத்துப்போகிறாள், அதில் பையனின் கையும் இருக்கிறது. காப்பகத்துக்குப் போகும்போது அவள் குடித்த காலி பீர் டப்பாவையும் அவன் எடுத்துப் போகிறான். அவளை அவன் வெறுத்தானா, நேசித்தானா என்று வசனம் எழுதியிருந்தால் இரண்டு பக்கம் வேண்டும். டப்பா ஒன்றே சொல்லிவிட்டது.

காப்பகத்திலே சிறைக்குப் போனவரின் மகன், நாடு கடத்தப்பட்டவளின் மகள், பெற்ற தகப்பனாலேயே சீரழிக்கப்பட்ட சிறுமி என்று ஒரு பட்டாளம். அந்தச் சிறுமிக்கு நடந்ததைப் படம் ஒருமுறைகூடக் காட்டாது. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குத் தனக்குத் தெரிந்த அரைகுறை வார்த்தையில் சொல்லும், அவ்வளவுதான். மொத்தமே ஒரு மணி ஆறு நிமிடம். ஆஸ்கர் பரிந்துரைவரை போனது. புரியாமலா போயிருக்கும்?

● எளியவன், எடப்பாடி
என்ன வாங்க வேண்டும்? பட்ஜெட் கம்மி.

எலும்புக்கு அலுமினியக் கம்பி. இரண்டு இழையை முறுக்கிக்கொள்ளுங்கள். மடக்கி மடக்கி ஒருநாள் முழங்கையில் ஒடியும், ஆகவே உதிரிக் கைகள் தயாராக இருக்கட்டும். நெஞ்சும் இடுப்பும் விறைப்பாக நிற்க எம்-சீல். சதைக்குப் பள்ளிக்கூடத்துக் கலர் கிளே. அதில் எண்ணெய் இருப்பதால் காயாது. குயவர் களிமண் அழகு, ஆனால் பாதிப் படத்தில் வெடிப்பு விடும். கண்ணுக்குப் பாசிமணி, ஓட்டையில் ஊசி விட்டுத் திருப்பினால் பார்வை திரும்பும். தரைக்கு பிளைவுட், அடியிலிருந்து திருகாணி போட்டுப் பாதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கதாநாயகன் எல்லாக் காட்சியிலும் குடித்தவனாகத் தெரிவான்.

● வெயிலான், வேலூர்
மே மாதத்தில் எடுக்கலாமா?

தாராளமாக. மின்விசிறியை அணைக்க வேண்டும், போட்டால் பொம்மை முடி பறக்கும். அணைத்தால் கிளே இளகும், உங்களுக்கு வியர்க்கும், வியர்த்த விரல் ரேகை பொம்மைக் கன்னத்தில் பதியும். ஜூலை நல்ல மாதம்.

● இரண்டாம் குவளை, இருப்பிடம் வேண்டாமே
டீக்கடையில் எங்களுக்குத் தனிக் குவளை. இதைப் பொம்மையில் எடுக்க ஆசை. ஆனால் பொம்மைக்குச் சாதியை எப்படிக் காட்டுவது? நிறத்தை மாற்றவா?

மாற்றாதீர்கள். கறுப்பு என்றால் தாழ்ந்தது என்ற பழைய பொய்யை உங்கள் படமே மறுபடி சொன்னதாகிவிடும். எல்லா ஆட்களையும் ஒரே உருண்டையிலிருந்து பிசைந்து எடுங்கள். ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே மூக்கு. வித்தியாசம் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடி டம்ளருக்கும், பின்பக்கம் ஆணியில் தொங்கும் குவளைக்கும் மட்டுமே. பார்க்கிறவர் ‘எதை வைத்துப் பிரித்துக் கொடுக்கிறான்?’ என்று குழம்புவார். குழம்பட்டும். பதிலே இல்லாத கேள்வி அது என்று அவர் தானாகக் கண்டுபிடிப்பதுதான் படம்.

● ஆங்கிள், ஆரணி
பாதாளச் சாக்கடையில் இறங்கிச் சாகிறவர்களைப் பற்றிக் கல்லூரி புராஜெக்ட். கழிவை நிஜம்போலக் காட்ட எதைக் கலக்க வேண்டும்?

கலக்காதீர்கள். கழிவைத் தத்ரூபமாகக் காட்டினால் பார்ப்பவர் மூக்கைச் சுளிப்பார். அந்த அருவருப்பு போய் ஒட்டுவது உள்ளே இறங்கியவர்மேல். இறக்கிவிட்டவர்மேல் ஒரு துளி படாது. கேமராவைக் குழிக்குள் வைத்து அண்ணாந்து பார்க்க விடுங்கள். மேலே வட்டமான வெளிச்சம்; விளிம்பில் நிற்கிற நாலு பேர்; ஒருவர் போன் பேசுகிறார், ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ‘சீக்கிரம்’ என்கிறார். செட் போடவும் சுலபம்: ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, நாலு தலை.

இதைத் தடுக்கும் சட்டம் 1993-இலும் வந்தது, 2013-இலும் வந்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை. மூடியைத் திறக்கச் சொல்கிறவர்களுக்கும் பஞ்சமில்லை. கேமரா அவர்களைப் பார்க்கட்டும்.

● மினுக்கட்டாம்பூச்சி, மேட்டுப்பாளையம்
கைபேசியில் எடுத்தேன். ஓட்டிப் பார்த்தால் வெளிச்சம் மினுக்மினுக்கென்று அடிக்கிறது. போனைக் கடையில் கொடுக்கவா?

போன் மேல் தப்பில்லை, சூரியன் மேல்தான். நீங்கள் மூன்று மணி நேரம் எடுத்ததைப் படம் ஐந்து நொடியில் காட்டுகிறது. அதற்குள் வெயில் நகர்ந்திருக்கும். ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடுங்கள், எல்.இ.டி. விளக்கு மட்டும் போதும். போனில் எக்ஸ்போஷர், ஃபோகஸ், வைட் பேலன்ஸ் மூன்றையும் லாக் செய்யுங்கள். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு போட்டோவுக்கும் அது தனி முடிவு எடுக்கும். ஷட்டர் வேகம் குறைவாக இருக்கட்டும். போனைத் தொட்டு எடுக்காமல் ரிமோட்டில் எடுங்கள். கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், நீங்கள் குனிந்து நிமிரும்போதெல்லாம் பொம்மை முகம் வெளுத்துக் கறுக்கும். வெள்ளை வேட்டி சட்டையில் பொம்மைகளை ஆட்டுவிப்பது வேறொரு தொழில்.

● உயிரற்றவன், உடுமலை
எல்லாம் சரியாகச் செய்தும் என் பொம்மை பிணம் மாதிரி இருக்கிறது. பொம்மைக்கு எப்படித்தான் கோபம் வரவைப்பது?

முதலில் கண் சிமிட்ட வையுங்கள். சிமிட்டாத கண்தான் பிணக்களை தருகிறது. தலையைத் திருப்பும்போது பார்வை முன்னால் போகட்டும், தலை பின்னால் வரட்டும். நாமும் அப்படித்தான் திரும்புகிறோம். சும்மா நிற்கிற பொம்மையையும் அடியோடு நிறுத்திவிடாமல் சில பிரேமுக்கு ஒருமுறை மயிரிழை அசையுங்கள், மூச்சு விடுவதாகத் தோன்றும்.

கோபத்துக்கு வழி நேர் எதிர். கையை ஆட்டி, வாயைப் பிளந்து காட்டினால் தெருக்கூத்து ராஜாதான் கிடைப்பார். அதுவரை அசைந்துகொண்டிருந்த பொம்மையை அடியோடு நிறுத்துங்கள். ஒரு நொடி, 12 போட்டோவும் ஒன்றே. பிறகு விரல் மட்டும் மடங்கட்டும். முன்வரிசையில் இருப்பவர் தானாகப் பின்னால் சாய்வார்.

● எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவின் ஆசிரியை, தருமபுரி மாவட்டம்
குழந்தைத் திருமணம் பற்றி மாணவிகளே படம் எடுக்கப்போகிறார்கள். ‘18 வயதுக்குமுன் திருமணம் செய்யாதீர்’ என்று பொம்மை பேசுவதாக வசனம் எழுதியிருக்கிறோம். சரியா, சார்?

டீச்சர், 2006-ஆம் ஆண்டுச் சட்டமே அதைச் சொல்லிவிட்டது, பொம்மை எதற்கு? உங்கள் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுங்கள். பதினான்கு வயதுப் பொம்மை ஒன்று செய்து, அதற்குப் பெரியவர் அளவுப் பட்டுப்புடவையைக் கட்டி நடக்க வைக்கச் சொல்லுங்கள். முடியாது. கொசுவம் தடுக்கும், கம்பிக்கால் வளையும், பொம்மை சாயும். சாய்வதையும் போட்டோ எடுங்கள். பின்னால் நிற்கும் உறவினர் பொம்மைகள் சிரித்துக்கொண்டே அதை நிமிர்த்தி நிமிர்த்தி மேடைக்கு நகர்த்தட்டும். உங்கள் வசனத்தை யாராவது எழுந்து நின்று சொல்லத் தேவையே இருக்காது.

இன்னொன்று. இந்தப் படம் எடுக்கும்போது ஏதாவது ஒரு பிள்ளை ‘எங்கள் வீட்டிலும் பேச்சு நடக்கிறது, மிஸ்’ என்று சொல்லக்கூடும். அந்த நிமிடத்தில் படம் இரண்டாம்பட்சம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைப்பதுதான் முதல் வேலை.

● பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம்
எனக்குத் தெரிந்த ஒரு சிறுமிக்குப் பாலியல் கொடுமை நடந்தது. வழக்கும் இருக்கிறது. பொம்மையில் எடுத்தால் அடையாளம் தெரியாதுதானே? அதையே படமாக எடுக்கலாமா?

பொம்மை முகத்தைத்தான் மறைக்கும். யூனிஃபார்ம் நிறம், தெருமுனைக் கோயில், அண்ணனின் ஆட்டோ, இவற்றை வைத்து ஊர் கண்டுபிடித்துவிடும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 23-ஆம் பிரிவு பெயரை மட்டும் தடுக்கவில்லை. முகவரி, குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என்று குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

சட்டம் கிடக்கட்டும். அந்தச் சிறுமி வளர்ந்து ஒருநாள் இந்தப் படத்தைப் பார்ப்பாள். தன்னை ஒரு கம்பிப் பொம்மையாக்கி யாரோ விரலால் நகர்த்தியிருப்பதை அவள் பார்க்க வேண்டுமா? அவள் கதையை விடுங்கள். கேட்டுவிட்டு ‘வெளியே சொல்லாதே’ என்று சொன்ன பெரியவரைப் பற்றி எடுங்கள். அவரைப் போல ஊருக்கு நூறு பேர். யாருடைய அடையாளமும் வெளியாகாது.

● ரெக்கார்டர், ராமநாதபுரம்
பாதிக்கப்பட்டவர்களின் நிஜக் குரலைப் பதிவுசெய்து பொம்மைக்குப் போடலாமா?

போடலாம், அதற்கு ஒரு பாரம்பரியமே உண்டு. ‘வாலஸ் அண்ட் க்ரோமிட்’ எடுத்த ஆர்ட்மேன் கம்பெனியின் பீட்டர் லார்டும் டேவிட் ஸ்ப்ராக்ஸ்டனும் 1977-இல் ‘டவுன் அண்ட் அவுட்’ என்று ஒரு சின்னப் படம் எடுத்தார்கள். சால்வேஷன் ஆர்மி விடுதியில் நிஜமாக நடந்த பேச்சைப் பதிவுசெய்து, அதே பேச்சுக்குக் களிமண் ஆட்களை வாயசைக்க வைத்தார்கள். போக்கிடமில்லாத கிழவர், விதிமுறை பேசும் விடுதி. எழுதிய வசனத்தில் வராத திக்கலும் இருமலும் அதில் இருக்கிறது. அதே கம்பெனியில் நிக் பார்க் 1989-இல் எடுத்த ‘க்ரீச்சர் கம்ஃபர்ட்ஸ்’ படத்தில், மனிதர்கள் தங்கள் வீட்டைப் பற்றிச் சொன்ன குறைகளையெல்லாம் மிருகக்காட்சி சாலை மிருகங்கள் பேசும். ஆஸ்கர் கிடைத்தது.

ஆனால் உங்கள் ஊரில் குரலும் முகம் மாதிரிதான். நாலு வார்த்தையில் ஆளைச் சொல்லிவிடுவார்கள். பேசியவரிடம் முழுப் படத்தையும் காட்டி, சம்மதம் வாங்கி, அதன்பிறகு வெளியிடுங்கள். தயங்கினால், அதே வார்த்தைகளை அதே இழுவையோடு இன்னொருவரைப் பேச வையுங்கள்.

● குறும்பன், கும்பகோணம்
துக்கமான விஷயத்தில் காமெடி வைக்கலாமா? உதை விழுமா?

ஆடம் எலியட்டைக் கேளுங்கள், ஆஸ்திரேலியக்காரர். டூரெட் நோய், தலையில் அடி, அடுக்கடுக்காகத் துரதிர்ஷ்டம் என்று ஒரு மனிதரின் கதையைச் சிரிக்கச் சிரிக்க எடுத்தார். ‘ஹார்வி க்ரம்பெட்’, 2003. ஆஸ்கர் வாங்கியது. 2009-இல் ‘மேரி அண்ட் மேக்ஸ்’: ஆஸ்திரேலியச் சிறுமிக்கும், ஆட்டிச வகையைச் சேர்ந்த நியூயார்க் நடுவயதுக்காரருக்கும் கடித நட்பு. மேக்ஸைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை. அவரைக் குணப்படுத்தியே தீருவேன் என்று கிளம்புகிற நல்ல மனசுக்காரர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். விதி அதுதான்: அடி வாங்குகிறவரோடு சேர்ந்து சிரிக்கலாம். அவரைப் பார்த்துச் சிரித்தால் உதை நியாயம்.

● அழுமூஞ்சி, அரியலூர்
ஒரு இனமே அழிந்த கதையைப் பொம்மையில் காட்டினால் கொச்சையாகிவிடாதா?

கம்போடியாவின் ரித்தி பான் கெமர் ரூஜ் ஆட்சியில், 1975-க்கும் 1979-க்கும் இடையே, சிறுவனாகத் தன் குடும்பத்தை இழந்தவர். அந்தச் சாவுகளுக்குப் புகைப்படம் கிடையாது. ஆட்சியாளர்கள் எடுத்த பிரச்சாரப் படங்கள்தான் மிச்சம். அவர் 2013-இல் எடுத்த ‘தி மிஸ்ஸிங் பிக்சர்’ படத்தில் தன் அப்பாவையும் ஊர்க்காரர்களையும் மண் பொம்மைகளாக வைத்தார். கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், அவற்றை அவர் நடக்க வைக்கவில்லை. பொம்மை நிற்கும், கேமரா மட்டும் அதைச் சுற்றி வரும். கேன்ஸில் ‘அன் செர்டன் ரிகார்ட்’ பிரிவின் முதல் பரிசு. எதை அசைக்கக் கூடாது என்று தெரிந்தவர் கையில் எதுவும் கொச்சையாவதில்லை.

● வாயாடி, வாணியம்பாடி
வசனம் அவசியமா?

1989-இல் ஜெர்மனியின் லாவென்ஸ்டைன் சகோதரர்கள் எடுத்த ‘பேலன்ஸ்’ பாருங்கள். அந்தரத்தில் ஒரு பலகை, அதன்மேல் ஐந்து பேர். ஒருவர் நகர்ந்தால் மற்றவர்களும் நகர வேண்டும், இல்லாவிட்டால் பலகை சாயும். ஒரு பெட்டி கிடைக்கிறது. ஒவ்வொருவருக்கும் அது வேண்டும். கடைசியில் ஒருவர் ஒரு மூலையில், பெட்டி எதிர் மூலையில். அவர் நகர்ந்தால் பெட்டி விழும். ஒரு வார்த்தை கிடையாது, ஆஸ்கர் உண்டு. வாயசைக்காத பொம்மையால் உங்களுக்கும் பாதி வேலை மிச்சம்.

● வரப்பு, வந்தவாசி
எனக்குக் களிமண் வராது, கம்பி வராது. நண்பர்கள் மட்டும் உண்டு.

நண்பர்களையே பொம்மையாக்குங்கள். நிஜ மனிதரை நிற்க வைத்து, போட்டோ எடுத்து, ஒரு அடி தள்ளி மறுபடி எடுப்பதற்கு பிக்ஸிலேஷன் என்று பெயர். கனடாவில் நார்மன் மெக்லாரன் 1952-இல் இப்படித்தான் ‘நெய்பர்ஸ்’ எடுத்தார். இரண்டு வீட்டு எல்லையில் ஒரு பூ பூக்கிறது. அது யாருக்கு என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்த இரண்டு கனவான்கள் வேலி போட்டு, அடித்து, குடும்பத்தோடு அழிகிறார்கள். 8 நிமிடம். வரப்புத் தகராறு கனடாவிலும் உண்டு என்று தெரிந்து ஆறுதல் அடையலாம். வேடிக்கை என்னவென்றால், அதற்குக் கிடைத்த ஆஸ்கர் ஆவணப்படப் பிரிவில்.

● தேசபக்தன், தேனி
எல்லாம் வெளிநாடா? நம்மிடம் இல்லையா?

இருக்கிறது. மும்பையில் சுரேஷ் எரியட்டின் ‘டோக்ரி’, 2017. அப்பாவின் கைக்கடிகாரத்தை உடைத்துவிட்ட ஏழைச் சிறுமி, அதைச் சரிசெய்யத் தெருவில் கூடை விற்கப் போகிறாள். களிமண்ணில் எடுத்த படம். விளம்பர வேலைகளுக்கு நடுவே பல ஆண்டு இழுத்து முடித்தார்கள். சிக்னலில் கார்க் கண்ணாடியைத் தட்டுகிற பிள்ளையை நாம் பார்க்காமல் போகிறோம் அல்லவா? இங்கே கேமரா அந்தப் பிள்ளையின் பக்கம் நின்று நம்மைப் பார்க்கிறது.

● குடும்பஸ்தன், குளித்தலை
சாப்பாட்டு மேஜையை செட்டாக்கிவிட்டேன். ஒரு மாதமாகத் தரையில் சாப்பிடுகிறோம். மனைவி முறைக்கிறார்.

படம் பெண்ணுரிமை பற்றி இல்லை என்று நம்புகிறேன். இன்றே மேஜையைக் காலி செய்யுங்கள்.

● குறுக்குவழி, குன்னூர்
ஏஐயிடம் சொன்னால் களிமண் பொம்மைப் படத்தை ஐந்து நிமிடத்தில் கொடுக்கிறது. எதற்கு இந்த அவஸ்தை?

கொடுக்கும். திரையிட்டபின் ஒரு பெண் எழுந்து, ‘அடி விழுந்ததும் அவள் ஏன் சிரித்தாள்?’ என்று கேட்டால் அதனிடம் பதில் இருக்காது. கேள்வி உங்களுக்குத்தான் வரும்.

● நல்லெண்ணம், நாங்குநேரி
படம் முடிந்ததும் ‘விழித்தெழு தமிழகமே’ என்று கார்டு போடலாமா?

படம் ஓடும்போது தூங்கியவர்களுக்காகவா? போடுவதென்றால் உதவி எண் போடுங்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. படிக்க நேரம் கொடுத்து நிறுத்தி வையுங்கள். அந்த ஐந்து நொடி யாரோ ஒருவருக்கு உங்கள் மொத்தப் படத்தைவிடப் பெரிது.

● எடிட்டர், எட்டயபுரம்
படம் ரெடி. முதலில் யாருக்குக் காட்டுவது? எந்த விழாவுக்கு அனுப்புவது?

விழா காத்திருக்கும். முதலில் யாருடைய கஷ்டத்தைப் படமாக்கினீர்களோ அவர்களில் நாலு பேருக்குக் காட்டுங்கள். கைதட்டினால் நம்பாதீர்கள், மரியாதைக்குத் தட்டுவார்கள். ‘எந்த இடத்தில் பொய்யாக இருந்தது?’ என்று கேளுங்கள். ‘எங்க வீட்டுல இப்படி அழ மாட்டோம்’ என்று யாராவது சொன்னால் அந்தக் காட்சியைத் தூக்குங்கள். பத்து நாள் உழைப்பு, வயிறு எரியும், தூக்குங்கள். அந்த அழுகையை ஒவ்வொரு பிரேமாக வைத்தது உங்கள் கை. எடுக்க வேண்டியதும் அதுதான்.

● விடாக்கண்டன், விழுப்புரம்
கடைசிக் கேள்வி. இவ்வளவு பாடுபட்டு எடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

தீராது. டாஸ்மாக்கும் இருக்கும், தனிக் குவளையும் இருக்கும். உங்கள் படம் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஏதோ ஒரு வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை, ‘அந்தப் பொம்மைய ஏன்ப்பா எல்லாரும் அப்படிப் பண்றாங்க?’ என்று கேட்கும். பெரியவர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலை உங்களால் அனிமேட் செய்ய முடியாது. அவர்தான் வாயைத் திறக்க வேண்டும்.